சாப்பாட்டுக்குப் பின்

விரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழல். ஒரு முனையில் மருந்துத் தூள் அடைத்த குளிசையைச் செருகுவதற்குச் சின்னதாய் ஒரு துவாரம், மறுமுனை வாயில் வைப்பதற்கு. குளிசையைச் செருகிக் குழலை ஒரு திருகுத் திருகினால் உள்ளே அது இரண்டாகப் பிரிந்து தூள் கொட்டும். வாயில் வைத்து ஒரே மூச்சாக உள்ளே இழுத்தால் அந்தத் தூள் நெஞ்சுக்குப் போய்ச் சேரும். முட்டு வருத்தம் என்று நாங்கள் சொல்லும் ஆஸ்துமாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் கொடுத்த மருந்து அதுதான். பெயர்தான் குளிசை, விழுங்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது வயிற்றுக்குள் கரைந்து போகும், நெஞ்சு பழையபடி இழுத்துக்கொண்டு கிடக்கும். இதைச் செய்து காட்டி, வந்தவரையும் ஒரு தடவை செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒருத்திக்குக் கொடுக்கவில்லை. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சிலாபத்துக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் சிங்களம் என்று வளர்ந்ததால் இரண்டும் எனக்கு ஒன்றுதான். பாலாவிக்குக் கலியாணம் முடித்து வந்து, யுத்தம் முடிந்த அடுத்த வருடம் கடற்கரைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் சிற்றூழியராகச் சேர்ந்தேன். நிலம் துடைப்பதும் அட்டைகளை அடுக்குவதும் வரிசையை ஒழுங்காக நிற்க வைப்பதும்தான் என் வேலை. ஆனால் டொக்டருக்குத் தமிழ் தெரியாது, கிளினிக்குக்கு வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நான் வாயானேன். கொஞ்ச நாளில் பெண்கள் என்னையும் தாதிமாரைப்போல ‘மிஸ்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் ஒருவரையும் திருத்தவில்லை. அந்த ஒரு சொல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. “இதென்ன மீன் சந்தையா? வாயை மூடிக்கொண்டு நில்லுங்க” என்று நான் சத்தம் போட்டால் வயிறும் பிள்ளையுமாக நிற்கும் அத்தனை பேரும் அடங்கிப் போவார்கள். அதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். இதை மறைத்துச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது?

அவள் மூன்றாம் மாதத்தில் முதல் தடவை வந்தாள். இருபத்திரண்டு வயது, மெலிந்த தேகம். வாசலில் இருந்து கதிரைக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்தாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். களப்புத் தண்ணீர் ஓரத்தில், யுத்தத்தில் மன்னார்ப் பக்கத்தில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் குடியிருப்பில் இருந்து வந்தவள். கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் இந்த ஊருக்கு வந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே கலியாணமும் முடித்திருந்தாள். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அவள் அகதிதான். புருஷன் உப்பளத்தில் கூலி. அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, அட்டையில் என் கையாலேயே எழுதினேன். என்றாலும் நான் வைத்த பெயர் முட்டுக்காரி. தேநீர் நேரத்தில் அவள் மூச்சிழுப்பதை நான் செய்து காட்டுவேன், தாதிமார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் அவள் வாசலுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோதும் செய்து காட்டினேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

முதல் நாள் டொக்டர் அவளோடு பொறுமையாகத்தான் கதைத்தார். “இவளுக்குக் காற்றுக் குறைந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் குறையும். பிள்ளைத்தாச்சி என்று பயந்து மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து, மருந்தால் ஆபத்து இல்லை. நன்றாக விளங்கப்படுத்திச் சொல்” என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். அதை நான் ஒழுங்காகத்தான் சொன்னேன். வழக்கமாகக் குழலைச் செய்து காட்டும் தாதி அன்று லீவு. “நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய், நீயே காட்டிக் கொடு” என்றார் டொக்டர். சரி என்று தலையாட்டிவிட்டு அவளை வெளியே கூட்டி வந்தேன். இன்னும் பதினைந்து இருபது பேர் நின்றார்கள், எனக்கு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மருந்து உறையில் பழக்கதோஷத்தில் ‘காலை 1, மாலை 1’ என்று எழுதி, குளிசைகளையும் குழலையும் ஒன்றாக அவள் கையில் கொடுத்தேன். அவள் பொலித்தீன் உறைக்குள் இருந்த குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்ன மிஸ்?”

“அது மருந்தோட வாற சாமான். உள்ளுக்குக் கடதாசி இருக்கு, வீட்ட போய்ப் பார். காலையும் பின்னேரமும் ஒவ்வொரு குளிசை, விளங்கிச்சா?”

கடதாசி இங்கிலீசில் இருந்தது. அவள் ஏழாம் வகுப்போடு நின்றவள். குளிசை என்று கையில் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் எவரும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்கள், வேறு என்ன செய்வார்கள்? அவளும் அதைத்தான் செய்தாள். காலையும் பின்னேரமும், ஒரு நேரம் பிந்தாமல், நான் எழுதிக் கொடுத்தபடியே செய்தாள்.

அதற்குப் பிறகு கிளினிக் நாளிலும் மற்ற நாளிலும் அவள் வந்துகொண்டே இருந்தாள். இழுத்துக்கொண்டு வருவாள்; முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிப்போம்; அரை மணித்தியாலத்தில் நெஞ்சு திறந்து, முகத்தில் நிறம் வந்து, லேசாகச் சிரித்துவிட்டுப் போவாள். நாலைந்து நாளில் திரும்பவும் வந்து நிற்பாள். இங்கே மருந்து கொடுத்தால் சுகம், வீட்டுக்குப் போனால் வருத்தம் என்றால் டொக்டர் என்னதான் நினைப்பார்? வீட்டில் மருந்து எடுக்கவில்லை என்று நினைத்தார். அப்படி நினைக்க அவருக்குக் காரணமும் இருந்தது. பிள்ளைக்குச் சூடு, பிள்ளை குறையாகப் பிறக்கும் என்று யாராவது சொல்லக் கேட்டு மருந்தை வேலிக்கு அப்பால் எறிகிற பெண்கள் எங்களிடம் நிறையப் பேர் வந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டிய மருத்துவிச்சி இடம் மாறிப் போய், பதிலுக்கு ஆள் வந்திருக்கவில்லை.

“பெஹெத் கன்னவத?” என்று டொக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். மருந்து எடுக்கிறாளா என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் அவளிடம் கேட்பேன்.

“ஓம் மிஸ், ஒரு நாளும் விடல்ல. ரெண்டு நேரமும் முழுங்குறன்.”

விழுங்குவதற்குச் சிங்களத்தில் ‘கிலினவா’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால் டொக்டர் கதிரையை விட்டே எழும்பியிருப்பார். ஆனால் நான் சொன்னது ‘கன்னவா’. எடுக்கிறாள். மாத்திரை, பாணி, ஊசி, புகை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு சோம்பேறிச் சொல். இரண்டு பாஷையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். அவள் சரியான சொல்லைத்தான் என் கையில் தந்தாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை தந்தாள். என் காதில் அது ஏறவேயில்லை.

ஆறாம் மாதத்தில் டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. “இவள் பொய் சொல்கிறாள். இப்படியே போனால் பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் என் பங்குக்கு உப்பும் புளியும் சேர்த்தேன். “பிள்ளைய வயித்துக்குள்ளேயே கொல்லப் போறியா? உனக்கெல்லாம் எதுக்கு வயிறு?” என்று கேட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். சத்தம் போட்டு அழுதால் மூச்சு அடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முக்காட்டுத் துணியை வாயில் வைத்துக்கொண்டு, எதிலே தவறினோம் என்று தெரியாத ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசித் தடவை அவள் ஏழாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். அன்று தாயும் கூட வந்திருந்தாள். தாய் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு கருவாட்டு வாடியில் வேலை செய்தவள். விடியப் போய்ப் பொழுதுபட்டு வருகிறவள், அதனால் மகள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஆளில்லை. அடுத்த மாதத்துக்கான குளிசைகளை யன்னல் வழியாகக் கொடுத்தபோது மகள் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாள்.

“மிஸ், இத சாப்பிட முந்தியா முழுங்குற, சாப்பிட்டுட்டா? வெறும் வயித்துல போட்டா தொண்டையில ஒட்டுது.”

“சாப்பாட்டுக்குப் பின்” என்றேன். பேச்சுத் தமிழில்கூடச் சொல்லவில்லை. மருந்து உறையில் அச்சடித்திருப்பதை அப்படியே படிக்கிற மாதிரி, அவள் முகத்தைப் பார்க்காமல், அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டே சொன்னேன். பிறகு தாயைக் கிட்டக் கூப்பிட்டேன். “உங்கட மகள் மருந்து குடிக்கிறன் எண்டு பொய் சொல்லிக்கொண்டு திரியிறா. நம்பாதீங்க. கேட்டால் குடிச்சன் எண்டுதான் சொல்லுவா” என்றேன். தாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சுப் போதாமல் விட்டுவிட்டாள்.

ஒரு மணி பஸ்ஸில் பாலாவிக்குப் போகும் வழியில்தான் அந்தக் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது. யன்னலோரம் இடம் கிடைத்து, உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தொண்டையில ஒட்டுது. எப்படி ஒட்டும்? இழுக்கிற தூள் தொண்டையில் ஒட்டாதே. வெறும் வயிறு என்றாளே. சந்தியில் சீமெந்து லொறிகளுக்கு நடுவில் இறங்கி நிற்கும்போது எனக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், முழுவதும் விளங்கிவிட்டது. அவளுடைய அட்டையில் பக்கத்து வீட்டுக்காரரின் டெலிபோன் இலக்கம் இருந்தது, அதைக் குறித்ததும் நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு கோல் எடுத்துச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் டொக்டர் கேட்பாரே, காட்டிக் கொடு என்று சொன்னேனே, காட்டவில்லையா என்று. நாலு மாதமாக அந்தப் பிள்ளையை உன் வாயால்தானே ஏசினோம் என்று கேட்பாரே. இரண்டு கிழமையில் அடுத்த கிளினிக், அப்போது ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் தாங்கியவளுக்கு இரண்டு கிழமை தாங்காதா என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

அவளுக்கு இரண்டு கிழமை இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டோவில் கொண்டு வந்தார்கள். உதடும் நகமும் நீலம். தாய் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். டொக்டர் ஓடி வந்தார். ஊசி, ஒட்சிசன், முகமூடி, செய்ய முடிந்த எல்லாம் செய்தார். முகமூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. இனியும் ஏசப் போகிறாளோ என்கிற பயம்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் சத்தம் நின்றது. சத்தம் நின்றால் சுகம் வந்துவிட்டது என்று வெளியே நின்றவர்கள் நினைத்தார்கள். அவளையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை. டொக்டர் கையுறையைக் கழற்றி எறிந்து, “எத்தனை தடவை சொன்னோம், ஒரு மருந்தை எடுக்க இவளுக்கு என்ன கேடு” என்று சிங்களத்தில் கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவள் மருந்து எடுக்கவில்லை என்று அவர் எழுதினார்.

அடுத்த நாள் ஒரு தாதியோடு அந்த வீட்டுக்குப் போனேன். மையித்தை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். தாய் என்னைக் கண்டதும் அலுமாரியில் இருந்து மருந்துப் பையை எடுத்து வந்து என் மடியில் கொட்டினாள். “பாருங்க மிஸ், இவ்வளவும் மிச்சம். நீங்க சொன்னது சரிதான், அவ குடிக்கல்ல. வேற ஆருக்காச்சும் உதவும், கொண்டு போங்க” என்றாள். அந்தக் குளிசைகள் செவ்வாய்க்கிழமை நான் கொடுத்தவை. மூன்று நாளில் எத்தனை குறைய வேண்டுமோ அத்தனையும் குறைந்திருந்தன. பொலித்தீன் உறை பிரிக்காமல் குழலும் இருந்தது. “இது பிள்ளைக்கு விளையாட ஆஸ்பத்திரியில குடுத்த சாமான் எண்டு பத்திரமா வச்சிருந்தா” என்றாள் தாய். எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். குழலைக் களப்பில் எறிந்தேன்.

பிள்ளைத்தாச்சி ஒருத்தி செத்தால் மேலிடத்தில் இருந்து வந்து விசாரிப்பார்கள். எங்களிடமும் வந்தார்கள். குழலை எப்படிப் பாவிப்பது என்று செய்து காட்டப்பட்டதா என்று கேட்டார்கள். “ஓம், நானே காட்டினேன்” என்றேன். குரல் நடுங்கவில்லை. புருஷன் வீட்டார், பிள்ளையைக் கொன்றவள் என்று அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்னார்கள். புருஷன் வருடம் திரும்புவதற்குள் வண்ணாத்திவில்லுப் பக்கம் மறு கலியாணம் முடித்துப் போனான். இதையெல்லாம் விடக் கேவலமான ஒன்றை நான் செய்தேன். அதற்குப் பிறகு வந்த பெண்களுக்கு அவளை நான் உதாரணமாகச் சொன்னேன். “மருந்தை எறிஞ்சு பிள்ளையோட செத்தாளே ஒரு முட்டுக்காரி, அவள் மாதிரி ஆகப்போறியா?” என்று கேட்பேன். பயந்து போய் ஒழுங்காக மருந்து எடுத்தார்கள். ஆனால் அதன் பிறகு வந்த ஒவ்வொருத்திக்கும் குழலை நான் செய்து காட்டினேன். அதற்காக எனக்கு நல்ல பெயரும் கிடைத்தது.

நாலு வருடம் கழித்து ஒரு தபசு காலத்தில் கோயில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் செபமாலை சொல்லச் சொன்னார். முடியுமென்றால் அந்தக் குடும்பத்திடமும் சொல்லு என்றார். செபமாலையைச் சொன்னேன். மற்றதைச் செய்யவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து, பத்து வருடம் சாப்பிட்டு நித்திரை கொண்டு, பென்சனும் எடுத்தேன்.

போன மாதம் பிரஷர் மருந்து எடுக்க அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இப்போது எல்லாம் மாறிவிட்டது. சுவரில் தமிழில் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். தமிழ்த் தாதி ஒருத்தி, வயிற்றுப்பிள்ளைக்காரப் பெண் ஒருத்தியை முன்னால் இருத்தி, “இப்ப நீங்க செய்து காட்டுங்க, நான் பாக்கிறன்” என்றாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு செய்து காட்டினாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கிழமையே பஸ் ஏறிக் களப்போரக் குடியிருப்புக்குப் போனேன்.

ஓலை வேலி இருந்த இடத்தில் இப்போது கல் மதில். தாய் முன் அறையில் தனியாக இருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. என்னைக் கண்டவுடன் “மிஸ்” என்று எழும்பினாள். கதிரை போட்டு, வேண்டுமா என்றும் கேட்காமல் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். குழலை, ஒரு மணி பஸ்ஸை, நான் மாற்றிச் சொன்ன சொல்லை, பாலாவிச் சந்தியில் எனக்கு விளங்கியதை, விசாரணையில் சொன்ன பொய்யை, சாமியாரை, ஒன்றையும் விடவில்லை. “உங்கட மகள் பொய் சொல்லல்ல. நான்தான் அவளப் பொய்க்காரியாக்கினன்” என்றேன். ஏசுவாள், அடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதை வாங்கிக்கொண்டு திரும்பத்தான் போனேன். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்டைக்கு வெள்ளிக்கிழமை, வாடியில அரைநாள்” என்றாள். “நான் வரக்குள்ள இழுத்துக்கொண்டு இருந்தா. மருந்து குடிச்சியாடி எண்டு கேட்டன். காலையிலயும் குடிச்சன் உம்மா, சாப்பிட்டுட்டுத்தான் குடிச்சன், மிஸ் சொன்ன மாதிரி எண்டா. நீங்க அவ பொய் சொல்றா எண்டீங்கதானே. பொய் சொல்ற வாய் எண்டு வாயிலயே அடிச்சன் மிஸ். அதுக்குப் பிறகு அவ என்னோட ஒண்டும் கதைக்கல்ல.”

பிளேன்டீ ஆறிப் போயிருந்தது.

“இவ்வளவு காலமும், பொய் சொன்ன புள்ளைக்குத்தானே அடிச்சன் எண்டு மனசத் தேத்திக்கொண்டு கிடந்தன்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “சாமியாருக்குச் சொன்னீங்கதானே மிஸ். அதோட விட்டிருக்கலாமே.”